புள்ளைய பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அப்பா அம்மா தெரிஞ்சுக்க வேண்டியது

நான் பாண்டில ஒரு பல் கிளினிக்ல அசிஸ்டென்ட்டா வேலை பாக்கறேன், வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர். நான் எங்க வேலை செய்றேன்னு தெரிஞ்சதும் பஸ்ல பக்கத்து சீட்ல இருக்கறவங்க, தெருவுல இருக்கறவங்க எல்லாரும் கேக்கறது முக்காவாசி ஒரே கேள்வி தான், "எம்புள்ளைக்கு கடவாப்பல்லு சொத்தையா இருக்கு, பால் பல்லு தானே, எப்படியும் விழுந்துடும், காட்டணுமா?" காட்டணும். ஏன் காட்டணும், எப்ப காட்டணும், எப்படி கூட்டிட்டுப் போனா புள்ள பயப்படாம இருக்கும்னு எனக்கு தெரிஞ்சத இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

முதல்ல இந்த "விழற பல்லு தானே"ங்கறத பேசிடலாம். பால் பல்லு மொத்தம் 20. ஆறு மாசம் வாக்குல கீழ் முன் பல்லு வர ஆரம்பிச்சு ரெண்டரை மூணு வயசுக்குள்ள எல்லாம் வந்து முடிஞ்சிரும். ஆறு ஏழு வயசுல முன் பல்லு தான் விழ ஆரம்பிக்கும், ஆனா பின்னாடி இருக்கற பால் கடவாப்பல்லு பத்துலேர்ந்து பன்னண்டு வயசு வரைக்கும் வாய்க்குள்ள இருக்க வேண்டிய பல்லு. நாலு வயசுல அது சொத்தை ஆச்சுன்னா இன்னும் ஆறேழு வருஷம் அந்தப் புள்ள அத வெச்சு தான் சோறு மெல்லணும், அத வெச்சு தான் ராத்திரி தூங்கணும். சீக்கிரமே புடுங்கிட்டா பக்கத்து பல்லு சாஞ்சு அந்த எடத்த அடைச்சுக்கும், அப்புறம் கீழேர்ந்து வர்ற நிரந்தரப் பல்லுக்கு எடமில்லாம கோணலா வரும், பதினாலு வயசுல கம்பி போடணும்னு நிக்கற புள்ளைங்கள்ல சில பேருக்கு ஆரம்பம் இங்க தான். சீழ் வெச்சு அப்படியே விட்டா அடியில உருவாகிட்டிருக்கற புதுப் பல்லோட எனாமலும் கெட்டுப் போக வாய்ப்பிருக்கு.

இன்னொண்ணு, இத நெறைய பேர் கவனிக்கறதே இல்ல. ஆறு வயசு வாக்குல கடைசி பால் பல்லுக்குப் பின்னாடி புதுசா ஒரு கடவாப்பல்லு வரும், மேல ரெண்டு கீழ ரெண்டு. எந்தப் பல்லும் விழாம சத்தமில்லாம வர்றதால அதையும் பால் பல்லுன்னே நெனச்சு விட்டுடறாங்க. அது நிரந்தரப் பல்லு, அது போனா வேற வராது. யூகேஜி, ஒண்ணாவது படிக்கற புள்ள இருந்தா இன்னிக்கே வாயத் தொறக்கச் சொல்லி கடைசில பாருங்க.

முதல் விசிட் எப்பன்னு கேட்டா, முதல் பல்லு வந்த உடனே, இல்லன்னா முதல் பொறந்த நாளுக்குள்ள. ஒரு வயசு கொழந்தைக்கு என்ன பாக்கப் போறாங்கன்னு தோணும். டாக்டர் பல்ல பாப்பாரு, பால் புட்டி பழக்கம், எப்படி தொடைக்கறது, என்ன பேஸ்ட்டுன்னு உங்ககிட்ட பேசுவாரு, பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். அந்த பத்து நிமிஷம் வலியே இல்லாத பத்து நிமிஷம், அதுக்காகத்தான் போகணும்னு சொல்றேன். எங்ககிட்ட வர்ற புள்ளைங்கள்ல ரொம்ப அழுறது யாருன்னு பாத்தா, ராத்திரி பூரா வலியில தூங்காம, கன்னம் வீங்கி, முதல் தடவையா அந்த சேர்ல வந்து உக்கார்ற புள்ளைங்க தான். அதுக்கு அந்த எடம் புதுசு, லைட்டு புதுசு, மாஸ்க் போட்ட ஆளு புதுசு, அதோட ஏற்கனவே வலி. அன்னிக்கே ஊசியும் போட வேண்டியிருந்தா அந்தப் புள்ளைக்கு பல் டாக்டர்னாலே அந்த நாள் தான் ஞாபகம் இருக்கும், பெருசானப்புறமும். வலி இல்லாதப்ப ரெண்டு தடவ வந்து சேர்ல ஏறி எறங்கி, கண்ணாடில தன் பல்ல பாத்துட்டுப் போன புள்ளைக்கு அப்புறம் ஒரு நாள் ஃபில்லிங் போடணும்னாலும் தெரிஞ்ச எடத்துக்கு வர்ற மாதிரி தான் வரும்.

சொத்தை ஆரம்பிச்சிருக்கான்னு வீட்லயே பாக்கலாம், மாசம் ஒரு தடவ பண்ணுங்க. ஜன்னல் வெளிச்சத்துல புள்ளைய மடில மல்லாக்க படுக்க வெச்சு, மேல் உதட்ட விரலால மெதுவா தூக்கி, ஈரத்த ஒரு சுத்தமான காட்டன் துணியால தொடைச்சுட்டு, முன் பல்லு நாலும் ஈறோட சேர்ற எடத்த பாருங்க. அங்க சுண்ணாம்பு தடவின மாதிரி மங்கலா வெள்ளை கோடு தெரிஞ்சா அது தான் ஆரம்பம், எச்சில் ஈரத்தோட பாத்தா தெரியாது, அதனால தான் தொடைக்கச் சொல்றேன். அந்தக் கட்டத்துல ஃப்ளோரைட் வார்னிஷ்ங்கற பல்ல கெட்டியாக்கற மருந்த தடவி, ராத்திரி பழக்கத்த மாத்தினா நிறுத்திடலாம், ட்ரில்லு கிடையாது ஊசி கிடையாது. பழுப்பு கலர் ஆகி பள்ளம் விழுந்துட்டா அப்புறம் அடைக்கத் தான் வேணும். அப்படியே கடவாப்பல்லு மேல கருப்பு கோடு, ரெண்டு பல்லுக்கு நடுவுல எப்பவும் சாப்பாடு சிக்கறது, ஒரே பக்கமா மெல்லறது, ஈறுல கொப்புளம் மாதிரி வந்து போறது, இதெல்லாம் இருந்தாலும் காட்டுங்க. கொப்புளம் வந்து போனா வலி இருக்காது, சரியாயிடுச்சுன்னு நெனப்பாங்க, உள்ள சீழ் இருக்கும்.

யார்கிட்ட போறது? சாதாரண செக்கப்புக்கு, சின்ன ஃபில்லிங்குக்கு பி.டி.எஸ். படிச்ச எந்த பல் டாக்டரும் போதும், புள்ளைங்ககிட்ட பொறுமையா இருக்கறவரா பாருங்க. மூணு வயசுக்கும் கீழ, இல்ல ரொம்ப பயப்படற புள்ள, ஆட்டிசம் மாதிரி எதாவது இருக்கற புள்ள, நெறைய பல்லு சொத்தை, இப்படின்னா குழந்தைங்க பல்லுக்குன்னே தனியா எம்.டி.எஸ். படிச்ச டாக்டர் இருக்காங்க, பெடோடான்டிஸ்ட்னு சொல்லுவாங்க, அவங்ககிட்ட போறது நல்லது. நம்ம பக்கத்துல அதுக்கு குறையே இல்ல. பாண்டில கோரிமேட்டுல மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, கவர்மென்ட் காலேஜ், ஜிப்மர் பக்கம் தான். கடலூர்லேர்ந்து பாண்டி பஸ் ஏறினா வழியிலயே பிள்ளையார்குப்பத்துல ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. சிதம்பரம் பக்கம் இருக்கறவங்களுக்கு அண்ணாமலை நகர்ல பழைய ராஜா முத்தையா பல் காலேஜ், அது இப்ப கவர்மென்ட் கைல இருக்கு. மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிலயும் பல் பிரிவு இருக்கு. காலேஜ்ல செலவு கம்மி, ஆனா நேரம் ஆகும், மேல்படிப்பு படிக்கற டாக்டருங்க பாப்பாங்க, சார் மேடம் வந்து செக் பண்ணுவாங்க, ஒரு வேலைக்கு ரெண்டு மூணு தடவ வரச் சொல்லுவாங்க. அரை நாள் லீவு போட முடியும்னா நான் தாராளமா அங்க போகச் சொல்லுவேன். ஸ்கூலுக்கு வர்ற மெடிக்கல் டீம் பல்லப் பாத்துட்டு சீட்டு எழுதிக் குடுத்தா அத நோட்டுக்குள்ளயே விட்டுடாதீங்க, அத எடுத்துக்கிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு போங்க.

இப்ப முக்கியமான விஷயம், வீட்ல என்ன பேசறீங்கங்கறது. "சேட்டை பண்ணினா பல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லுவேன்", "சாக்லேட் தின்னா பல்ல புடுங்கிருவாரு", இத தயவு செஞ்சு யாரும் சொல்லாதீங்க, தாத்தா பாட்டி அத்தை மாமா எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. மிரட்டி வெச்ச ஆள்கிட்டயே கூட்டிட்டுப் போய் வாயத் தொறன்னா அது எப்படி தொறக்கும்? அதே மாதிரி "வலிக்கவே வலிக்காது, பயப்படாத"ன்னும் சொல்ல வேணாம். அது வரைக்கும் வலின்னு ஒண்ணு அது மனசுல இருந்திருக்காது, நீங்க சொன்னப்புறம் தான் வரும், அப்புறம் லேசா ஏதாவது சுருக்குன்னா கூட அம்மா பொய் சொல்லிட்டாங்கன்னு ஆயிடும். ஊசி, ட்ரில்லு, புடுங்கறது, ரத்தம் இந்த வார்த்தைங்களே வீட்ல வேணாம். "நாளைக்கு டாக்டர் ஆன்ட்டி உன் பல்ல எண்ணிப் பாப்பாங்க, பெரிய சேர் இருக்கு, அது மேலயும் கீழயும் போகும்", இவ்ளோ போதும். முந்தின நாள் சொன்னா போதும், ஒரு வாரமா சொல்லிட்டே இருந்தா ஒரு வாரம் பூரா அதையே நெனச்சுட்டு இருக்கும். சொல்லாம கொள்ளாம பீச்சுக்குப் போறோம்னு கூட்டிட்டு வர்றவங்களும் இருக்காங்க, அப்படி ஒரு தடவ ஏமாந்த புள்ள அடுத்த தடவ நெசமாவே சில்வர் பீச்சுக்குக் கூப்டாலும் நம்பாது.

வீட்ல டாக்டர் வெளையாட்டு வெளையாடுங்க, அது நல்லா வேலை செய்யும். பொம்மைய படுக்க வெச்சு ஸ்பூன் பின்பக்கத்தால அதோட பல்ல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க, அப்புறம் புள்ளைக்கு, அப்புறம் புள்ள உங்களுக்கு எண்ணட்டும். உங்களுக்கு சின்ன வயசுல நடந்த பயங்கர கதை எல்லாம் புள்ள காது பட பேச வேணாம்.

அப்பாயின்ட்மென்ட் காலை நேரமா வாங்குங்க, தூங்கி எழுந்து டிபன் சாப்ட்டு ஒரு மணி நேரம் ஆன நேரம். ஸ்கூல் விட்டு களைச்சு பசியோட வர்ற புள்ளைக்கு எந்த டாக்டர் வந்தாலும் கஷ்டம் தான், வயிறு முட்ட சாப்ட்ட உடனே வந்தா வாந்தி எடுக்கும். கூட ஒரு ஆள், அதிகம் போனா ரெண்டு ஆள் வந்தா போதும். யார் ரத்தத்தப் பாத்தா மயங்குவாங்களோ அவங்க வேணாம். புள்ளைக்கு இதயத்துல ஓட்டை, ஆஸ்துமா, வலிப்பு, ஏதாவது மருந்து ஒத்துக்காதது இருந்தா டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. இதயப் பிரச்சனை இருக்கற சில புள்ளைங்களுக்கு பல் வைத்தியத்துக்கு முன்னாடியே ஆன்டிபயாட்டிக் குடுக்க வேண்டியிருக்கும், அதனால பழைய ஃபைல கையோட கொண்டு வாங்க. பழைய மருந்து சீட்டு எல்லாம் தேட நேரமில்லன்னா சாப்டற மருந்து டப்பாவயாவது எடுத்துட்டு வாங்க.

மூணு வயசுக்குள்ள இருக்கற புள்ளைய தனியா சேர்ல உக்கார வைக்க மாட்டாங்க. அம்மாவும் டாக்டரும் முட்டியோட முட்டி இடிக்கற மாதிரி எதிரெதிரா உக்காருவாங்க, புள்ள அம்மா மடில அம்மாவப் பாத்து உக்காந்து அப்படியே பின்னாடி சாயும், தலை டாக்டர் மடில இருக்கும். அம்மா ரெண்டு கையையும் புடிச்சுக்கணும், கால் ரெண்டும் அம்மா இடுப்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கும். புள்ளைக்கு அம்மா மூஞ்சி தெரிஞ்சுட்டே இருக்கும். அழும், அழுதா நல்லா வாயத் தொறக்கும், டாக்டர் பாத்து முடிச்சிருவாரு. இந்த வயசுல அழுகை சாதாரணம், அதுக்காக நீங்க சங்கடப்படாதீங்க, எங்களுக்கு அது பழக்கம்.

கொஞ்சம் பெரிய புள்ளைன்னா டாக்டர் முதல்ல சொல்லுவாரு, அப்புறம் கைல காட்டுவாரு, அப்புறம் தான் பண்ணுவாரு. தண்ணி பீச்சற மெஷின விரல் நகத்துல வெச்சுக் காட்டுவாங்க, உறிஞ்சற குழாய உள்ளங்கைல வெச்சு உறிஞ்ச விடுவாங்க. அந்த நேரத்துல நீங்க பக்கத்துல நின்னு "ஆ காட்டு, ஆ காட்டு, இல்லன்னா அடி"ன்னு பேச வேணாம், ஒரு நேரத்துல ஒரு குரல் தான் புள்ளைக்குக் கேக்கணும், அது டாக்டர் குரலா இருக்கட்டும், நீங்க கால மெதுவா தொட்டுட்டு உக்காந்திருந்தா போதும். அழாம இருந்தா சைக்கிள் வாங்கித் தரேன்னும் பேரம் வேணாம். முடிஞ்சதும் எது நல்லா பண்ணுச்சோ அத சொல்லுங்க, "கைய அசைக்காம வெச்சிருந்த"ன்னு. கை காலப் புடிச்சு பண்ண வேண்டி வரும்னா முன்னாடியே உங்ககிட்ட கேக்கணும், உங்களுக்கு மனசு ஒப்பலன்னா வேற வழி இருக்கான்னு கேளுங்க, அவசரம் இல்லாத வேலைய இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போடலாம்.

டாக்டர் சொல்ற சில வார்த்தைங்க. வார்னிஷ்னா பெயின்ட் மாதிரி பல்லு மேல தடவறது, மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவ. சீலன்ட்னா அந்த ஆறு வயசு கடவாப்பல்லு மேல இருக்கற ஆழமான கோட்ட சொத்தை வர்றதுக்கு முன்னாடியே மூடறது, வலி கிடையாது, கண்டிப்பா கேட்டு பண்ணிக்கோங்க. சில்வர் மருந்து தடவினா சொத்தை நிக்கும், ஆனா அந்த எடம் நிரந்தரமா கருப்பாயிடும், முன் பல்லுன்னா யோசிச்சு சொல்லுங்க. சொத்தை நரம்பு வரைக்கும் போயிருந்தா பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டு, பால் பல்லுக்குப் போய் ரூட் கேனாலான்னு காசு புடுங்கறதா நெனக்க வேணாம், அதுக்கு மேல மாட்டற ஸ்டீல் தொப்பியும் பல்லோட சேந்து தானா விழுந்துடும். புடுங்கியே ஆகணும்னா "எடம் புடிக்கற கம்பி வேணுமா"ன்னு நீங்களே கேளுங்க. எவ்ளோ செலவு, எத்தன தடவ வரணும், எந்தப் பல்லு முதல்ல, இத ஒரு பேப்பர்ல எழுதிக் கேட்டு வாங்குங்க, நல்ல டாக்டர் யாரும் கோவப்பட மாட்டாங்க. முழு மயக்கம் குடுத்து தான் பண்ணணும்னு சொன்னா மயக்க டாக்டர் யாரு, எந்த ஆஸ்பத்திரில, எவ்ளோ நேரம் முன்னாடி சாப்பாடு பால் நிறுத்தணும்னு கேளுங்க, அந்த நேரத்த ஒரு வாய் பால் கூட குடுக்காம கடைப்பிடிங்க, மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரல்ல போனா உயிருக்கே ஆபத்து.

மரத்துப்போற ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினா ரெண்டு மூணு மணி நேரம் புள்ள மேல கண்ணு இருக்கணும். உதடு தடிச்ச மாதிரி இருக்கறது அதுக்கு வேடிக்கையா இருக்கும், கடிச்சுப் பாக்கும், வலி தெரியாததால கடிச்சுட்டே இருக்கும், மறுநாள் காலைல உதடு வீங்கி வெள்ளையா புண்ணோட ஃபோட்டோ அனுப்புவாங்க, மருந்து அலர்ஜி ஆயிடுச்சான்னு பதறிப் போய். அது அலர்ஜி இல்ல, கடிச்ச காயம். மரத்துப்போனது தெளியற வரைக்கும் மெல்லற சாப்பாடு வேணாம், பல்லு எடுத்திருந்தா பஞ்ச அரை மணி நேரம் கடிச்சிருக்கணும், அன்னிக்கு பூரா ஸ்ட்ரா போட்டு உறிஞ்சறதும் காறித் துப்பறதும் வேணாம்.

வீட்டு பழக்கத்துல ரெண்டே ரெண்டு சொல்றேன், மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒண்ணு ராத்திரி. பல்லு தேச்சப்புறம் தண்ணி தவிர எதுவும் வேணாம், பால் புட்டிய வாயில வெச்சுட்டே தூங்கற பழக்கம் தான் மேல் முன் பல்ல மொத்தமா கரைக்குது, அதுலயும் சர்க்கரை, பூஸ்ட், ஹார்லிக்ஸ் கலந்தா கேக்கவே வேணாம். இனிப்பு சிரப் மருந்து ராத்திரி குடுத்தாலும் வாய தொடைச்சு விடுங்க. ஏழெட்டு வயசு வரைக்கும் ராத்திரி பல்லு நீங்க தான் தேச்சு விடணும், புள்ள தானா தேய்க்கறது காலைல இருக்கட்டும். பேஸ்ட் டப்பால ஃப்ளோரைட் 1000 பி.பி.எம். இருக்கான்னு பாத்து வாங்குங்க, கார்ட்டூன் படம் போட்டதுல சிலதுல கம்மியா இருக்கும், சிலதுல இருக்கவே இருக்காது. மூணு வயசுக்குள்ள ஒரு அரிசி அளவு, மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் ஒரு பட்டாணி அளவு, தேச்சுட்டு துப்பினா போதும். ரெண்டாவது எத்தன தடவ திங்குதுங்கறது. ஒரு கடலை மிட்டாய சாப்பாட்டோட சேத்து தின்னு முடிக்கறது பரவால்ல, ஒரு பாக்கெட் பிஸ்கட்ட சாயந்தரம் பூரா வெச்சு வெச்சு கொறிக்கறது தான் பல்லுக்குக் கெடுதல், ஒவ்வொரு வாய்க்கும் அரை மணி நேரம் பல்லு அமிலத்துல ஊறுது.

ராத்திரி திடீர்னு வலின்னு அழுதா வெதுவெதுப்பா உப்புத் தண்ணில கொப்பளிக்க வெச்சு, சிக்கியிருக்கறத நூலால எடுத்து, எடைக்குத் தக்க பாரசிட்டமால் குடுங்க. ஆஸ்பிரின் புள்ளைங்களுக்குக் கூடவே கூடாது. கிராம்பு எண்ணெய் ஈறப் பொசுக்கும், கற்பூரம் உள்ள போனா வலிப்பே வரும், ரெண்டும் வேணாம். கண்டங்கத்திரி வெதை புகை போட்டு பூச்சி எடுக்கறோம்னு சொல்றவங்ககிட்டயும் போகாதீங்க, சொத்தைல பூச்சி கிடையாது, அது கண்ணுக்குத் தெரியாத கிருமி பண்ற வேலை. மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் குடுத்தா வலி அடங்கும், ரெண்டு மாசத்துல திரும்ப வரும். கன்னம் வீங்கி காய்ச்சலும் இருந்தா, வீக்கம் கண்ணு பக்கமோ தாடைக்கு அடியிலயோ பரவினா, எச்சில் முழுங்க முடியலன்னா, காலைல பாத்துக்கலாம்னு இருக்காம அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரி கேஷுவல்ட்டிக்குப் போயிடுங்க, ஒத்தடம் குடுத்துட்டு இருக்க வேணாம்.

கடைசியா, வெளையாடறப்ப விழுந்து முன் பல்லு வேரோட வெளிய வந்துட்டா. நிரந்தரப் பல்லுன்னா வேரத் தொடாம வெள்ளை பாகத்த மட்டும் புடிச்சு எடுங்க, மண்ணு இருந்தா பால்லயோ சுத்தமான தண்ணிலயோ ஒரு சில நொடி அலசுங்க, தேய்க்கக் கூடாது. புள்ளை பெருசா, நிதானமா இருந்தா அந்தக் குழிலயே திருப்பி வெச்சு ஒரு துணியக் கடிக்கச் சொல்லுங்க, முடியலன்னா காய்ச்சாத பாக்கெட் பாலோ ஆறின பாலோ ஒரு டம்ளர்ல ஊத்தி அதுல பல்ல போட்டு எடுத்துட்டு ஓடுங்க, தண்ணிலயோ டிஷ்யூ பேப்பர்லயோ வேணாம். அரை மணி நேரத்துக்குள்ள வந்தா திரும்பப் புடிச்சுக்க நல்ல வாய்ப்பு, ஒரு மணி நேரம் தாண்டினா கொறஞ்சுட்டே போகும், தாண்டிட்டாலும் பல்ல தூக்கிப் போட்டுடாம கொண்டு வாங்க. பால் பல்லுன்னா திருப்பி வைக்கக் கூடாது, உள்ள இருக்கற புதுப் பல்லுல இடிக்கும், ஆனா அன்னிக்கே காட்டணும், விழுந்த பல்லையும் கையோட எடுத்துட்டு வாங்க, முழுசா வந்துடுச்சா துண்டு உள்ள நிக்குதான்னு அத வெச்சுத் தான் டாக்டர் பாப்பாரு.